ரப்பர் வளையம்

தொப்பிக்குள் கையை விட்டு எடுத்த சீட்டைப் பிரித்துப் பார்த்ததுமே கேப்டன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தான்.

“டேய், எனக்கு நம்ம பாட்டிலோட செல்லப்புள்ள விழுந்திருக்கான்டா!”

பால் கறக்கும் கூடத்தின் தகரக் கூரை அதிர எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் கைதட்டவில்லை. இரண்டு வருடப் படிப்பு நாளைக் காலை ஒரே ஒரு தேர்வோடு முடிகிறது. தான் வளர்க்காத ஒரு மாட்டைத் தலைக்கயிறு போட்டு நடத்தி, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எடைக் கூண்டுக்குள் ஏற்றிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கேப்டன் சீட்டில் விழுந்தது அவள் வளர்த்த மாடு. அதைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயம் கேப்டனுக்குத் தெரியாது. சீட்டு குலுக்கிய மேனேஜருக்கும் தெரியாது. மாட்டு டாக்டரம்மாவுக்கே தெரியாது.

சர்வதேச விவசாயக் கல்லூரி என்று வாசல் பலகையில் பெரிதாகத்தான் எழுதியிருந்தது. உள்ளே வந்த பிறகு முதல் பருவம் முழுக்கச் சாணிதான். வகுப்பறை அலமாரியில் பல தேசத்து மண் கண்ணாடிச் சீசாக்களில் இருந்தது. சிவப்பு, கறுப்பு, சாம்பல், உப்புப் பூத்த வெள்ளை. எந்த மண்ணில் என்ன விளையும், எந்த வெயிலுக்கு எந்த மாடு தாங்கும் என்று மத்தியானம் பாடம். விடியலிலும் சாயங்காலத்திலும் கொட்டில். பல தேசங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒல்லி என்று ஒருவன். நம் மொழியில் அவனுக்கு நாலே வார்த்தைதான் தெரியும், அதில் மூன்றைப் பெண்கள் முன்னால் சொல்ல முடியாது. நாலாவது ‘சாப்பிட்டாச்சா’. சண்டை போடும்போதும் அதையேதான் சொல்லுவான்.

“உங்க ஊருக்குப் போனா உங்களுக்காக எவன் மாடு வளர்த்து வச்சிட்டுக் காத்திருப்பான்?” என்பார் மேனேஜர். “முன்னப் பின்ன தெரியாத மாட்டை நடத்தத் தெரியணும். இல்லன்னா இந்தப் படிப்பு எதுக்கு?” அதனால்தான் கடைசித் தேர்வில் மாட்டை மாற்றிக் கொடுப்பது இங்கே வழக்கம்.

பாட்டில் என்று அவளுக்குப் பெயர் வந்தது சின்னவனால். இரட்டைக் கன்றுகளில் இரண்டாவதாக விழுந்தவன். தாய் ஒன்றை நக்கிக் கொடுத்துவிட்டு இவனை எட்டி உதைத்தது. உதைத்த உதையில் சுவரில் மோதி விழுந்தவனைத் தூக்கி வந்து, வைக்கோலில் போட்டு, ரப்பர் காம்பு வைத்த பாட்டிலில் பால் கொடுத்தது அவள். அதற்கு முன் ஒன்பது வருஷம் கூரியர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பார்சலுக்கு முத்திரை குத்தியவள். உயிருள்ள எதுவும் அவள் கையை எதிர்பார்த்துக் காத்திருந்ததில்லை. மற்றக் கன்றுகளுக்குக் கழிச்சல் கண்டிருந்ததால் சின்னவனைத் தனிக் கொட்டிலில் வைத்தார்கள். அவனுக்கு மாடு என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. தெரிந்ததெல்லாம் அவள்தான். அவள் உள்ளங்கையை விரித்து அவன் நெற்றியில் வைத்துத் தள்ளுவாள். அவன் பின்னங்காலை ஊன்றி எதிர்த்துத் தள்ளுவான். “அடேயப்பா, என்னா பலம் என் ராஜாவுக்கு!” என்று வைக்கோலில் மல்லாக்க விழுந்து சிரிப்பாள். ஒரு நாள் டாக்டரம்மா வகுப்பில் சொன்னார்: கையில் வளரும் காளைக்கன்றின் நெற்றியைத் தொடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் நீங்களும் ஒரு காளை என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அவள் பயந்துதான் போனாள். ஆனால் அதற்குள் காயடித்தாயிற்றே, இனி இவன் காளையா என்ன என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

காயடித்ததும் அவள்தான். இடுக்கியை விரித்து, ரப்பர் வளையத்தை விதைப்பையின் மேல் ஏற்றி, இரண்டு விதையும் உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இடுக்கியை விட வேண்டும். அன்று சின்னவன் உதறினான். அவளால் அவன் அலறலைக் கேட்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தடவிப் பார்க்காமலே இடுக்கியை விட்டுவிட்டாள். “முடிஞ்சுதா?” என்று மேனேஜர் தூரத்திலிருந்து கேட்டதற்கு “முடிஞ்சுது சார்” என்றாள். பை காய்ந்து உதிர்ந்தது. எல்லோருக்கும் சின்னவன் காயடித்த மாடு. ஒரு வருஷம் கழித்துத்தான் கழுத்து தடித்தது. முன்னங்காலால் மண்ணை வாரித் தோளில் போட ஆரம்பித்தான். ஒரு நாள் குளிப்பாட்டும்போது தொடை இடுக்கில் வயிற்றோடு ஒட்டி, தோலுக்கு அடியில் ஏதோ உருண்டையாக அவள் விரலில் தட்டுப்பட்டது. வளையத்துக்குள் சிக்காமல் மேலே ஏறி ஒளிந்துகொண்ட ஒன்று. அது போதும், ஒரு மாடு முழுக் காளையாக இருப்பதற்கு.

சொன்னால் செய்முறைத் தேர்வில் தோல்வி. கடல் தாண்டி ஒரு பால் பண்ணையில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. அது கையை விட்டுப் போகும். சின்னவன் அன்றைக்கே கசாப்புக் கூடத்துக்குப் போவான். அவள் சொல்லவில்லை. தேர்வு முடிந்ததும் எப்படியும் விற்றுவிடுவார்கள், அதுவரை தான் ஒருத்தியே பார்த்துக்கொண்டால் போயிற்று என்று கணக்குப் போட்டிருந்தாள். தேர்வுச் சீட்டு யாராவது பொறுமைசாலிக்கு விழும் என்று நினைத்திருந்தாள். கேப்டனுக்கு விழும் என்று நினைக்கவில்லை.

அறைத்தோழிக்கு மட்டும் விஷயம் தெரியும். கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவள் என்பதால் அவளுக்கு டீச்சர் என்று பெயர். பொழுது சாயும் நேரத்தில் குழாயடியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸில் ஒட்டிய சாணியைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்லிடுடி.”

“சொன்னா என் கதை முடிஞ்சுது.”

“சொல்லலன்னா அவன் கதை முடியும். மாடு அரை டன் இருக்கு. அவன் தொண்ணூறு கிலோ, அதுலயும் பாதி வாய்தான். நீயே கூட்டிக் கழிச்சுப் பாரு.”

“அவனுக்காகவா நான் அழியணும்?”

டீச்சர் குச்சியைப் போட்டுவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தாள். காதுக்குக் கீழே சின்னதாக இரண்டு கறுப்புப் புள்ளி. போன மாதம் பன்றிகளை லாரியில் ஏற்றும்போது கேப்டன் கரண்ட் குச்சியை அங்கே வைத்துப் பொத்தானை அழுத்தினான். சும்மா விளையாட்டுக்கு. அவள் சேற்றில் விழுந்து, வாய் கோணி, சிறுநீர் கசிந்து கிடந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். “என்ன தங்கச்சி, பன்னிக்கு வச்சது உனக்குப் பட்டுருச்சா?” என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் அவன்தான். கேப்டன் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. பச்சைப் புள்ளி போட்ட கால்சட்டை மட்டும் நாலு வைத்திருந்தான்.

“அவனுக்கு ஏதாவது ஆகட்டும்னு நினைக்கிறியா?” என்றாள் டீச்சர்.

அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து, விடிந்ததும் ஒரு முடிவோடு எழுந்தாள். மேனேஜரிடம் சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும், கூரியர் ஆபீஸ் எங்கே ஓடிப்போகிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு கொட்டில் வழியாக ஆபீஸ் அறைக்கு நடந்தவளின் காதில், தகரத்தில் கல் விழுவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு சின்னவனின் குரல். குட்டியாக இருந்தபோது அலறிய அதே அலறல், இப்போது பெரிய தொண்டையிலிருந்து.

கேப்டன் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு சின்னவனை மூலையில் ஒதுக்கியிருந்தான். கையில் கரண்ட் குச்சி. விலாவில் ஒன்று. துள்ளித் திரும்பியதும் மூக்கில் ஒன்று. சின்னவன் கம்பியில் மோதி மோதிக் கண்ணோரம் கிழிந்து ரத்தம் வழிந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

“நிறுத்துடா நாயே!”

“அட, அம்மா வந்தாச்சு.” அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தேர்வுக்கு முன்னாடி யாரு மொதலாளின்னு காட்டிடணும் தங்கச்சி. இல்லன்னா பெரிய ஆளுங்க முன்னாடி மானத்த வாங்கிடும். மாட்டுக்கும் பொம்பளைக்கும் ஒரே மருந்துதான்.” இன்னொரு தடவை மூக்கில் வைத்து அழுத்தினான்.

அவள் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள். முழங்கையால் அவன் விட்ட இடி அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்தது. ரத்தத்தை விழுங்கியபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்டை வரை வந்திருந்த வார்த்தை ரத்தத்தோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. ஆபீஸ் அறைப் பக்கம் அவள் போகவில்லை.

முற்றத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். முதலில் போன ஒல்லி, டீச்சர் வளர்த்த கிடாரியைப் பூனைக்குட்டி மாதிரி நடத்திக் கூண்டில் ஏற்றிவிட்டு, தேர்வாளரைப் பார்த்து “சாப்பிட்டாச்சா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்துக் கேப்டன்.

சின்னவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். முரண்டு இல்லை, இழுப்பு இல்லை. கயிறு தொய்வாகத் தொங்கியது. முக்கால் சுற்று முடிந்தபோது அவளுக்கே மூச்சு வந்தது. வேலிக் கம்பியை இறுக்கியிருந்த விரல்களைத் தளர்த்தினாள். ஒன்றும் ஆகாது. இன்னும் பத்தடி. கூண்டுக்குள் ஏறிவிட்டால் முடிந்தது. அவளுக்கு வேலை, கேப்டனுக்குச் சான்றிதழ், இனி ஜென்மத்துக்கும் இவன் முகத்தில் விழிக்க வேண்டாம்.

கூண்டு வாசலில் சின்னவன் நின்றான். பின்னால் கொஞ்சம் ஒதுக்கி நேராக்க வேண்டும். கேப்டன் தேர்வாளரைப் பார்த்து ஒரு புன்னகை காட்டிவிட்டு, உள்ளங்கையை விரித்து, சின்னவனின் நெற்றியில் வைத்துத் தள்ளினான்.

“கையை எடு!” என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. சின்னவன் தலையைத் தூக்கவில்லை. தாழ்ந்திருந்த தலையோடு அப்படியே முன்னால் வந்தான். கேப்டன் தரையை விட்டு எழும்பி வேலியில் போய் மோதினான். கம்பி முழுக்க ஒரு தடவை அதிர்ந்தது. அவன் சரிந்து கீழே வருவதற்குள் இரண்டாவது முட்டு நெஞ்சில் விழுந்தது. காய்ந்த சுள்ளிக் கட்டை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி சத்தம். கேப்டனின் வாயிலிருந்து கத்தல் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. கீழே விழுந்தவனைச் சின்னவன் விடவில்லை. முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டு, நெற்றியை அவன் இடுப்பில் வைத்து, மாவு பிசைவது போலத் தரையோடு அரைத்தான். யாரோ மண்வெட்டியால் முதுகில் அடித்தார்கள். காம்பு முறிந்தது. ஒல்லி நாலு வார்த்தையையும் மாற்றி மாற்றிக் கத்தினான். தேர்வாளரின் நாற்காலி மட்டும் கவிழ்ந்து கிடந்தது, ஆளைக் காணோம். “துப்பாக்கி! டாக்டரைக் கூப்பிடு, துப்பாக்கி!” என்று மேனேஜர் ஓடினார்.

அவள் வேலியைத் தாண்டிக் குதித்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. சின்னவனின் முகத்துக்கு முன்னால் போய் நின்றாள். கிழிந்த கண்ணிலிருந்து ரத்தம் மூக்கு வரை வழிந்திருந்தது. அவள் கையை ஓங்கி நெற்றியில் பளாரென்று வைத்தாள்.

“சின்னவனே! இங்க வாடா! என்கிட்ட வாடா!”

அவன் எழுந்தான். கேப்டனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பாட்டில் இல்லை, வைக்கோல் இல்லை, அவள் எதிர்பார்த்த எதுவும் இல்லை. எதிரில் இன்னொரு காளை நிற்கிறது, அவ்வளவுதான். அவள் திரும்பி ஓடினாள். முதுகில் அவன் மூச்சு சுட்டது. வேலியின் கீழ்க் கம்பிக்கு அடியில் புகுந்து உருண்டபோது இடது கால் உள்ளேயே மாட்டியது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் குளம்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் நசுங்கின. அதற்குள் டீச்சரும் ஒல்லியும் கேப்டனின் கால்களைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. துப்பாக்கியை வேலிக் கம்பியின் மேல் தாங்கிக் குறி வைத்து, சின்னவன் தலையைத் திருப்பும் வரை காத்திருந்தார். ஒரே குண்டு. நாலு காலும் ஒரே சமயத்தில் மடங்கின. அப்புறமும் பின்னங்கால் ரொம்ப நேரம் நடந்துகொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வரும் வரை கேப்டனைத் தீவனச் சாக்குகளின் மேல் கிடத்தியிருந்தார்கள். உதட்டில் நுரை நுரையாக ரத்தம். அவள் நொண்டிக்கொண்டே போய்ப் பக்கத்தில் நின்றாள். அவன் கண்ணைத் திறந்தான்.

“நீ... ஏன் தங்கச்சி உள்ள குதிச்ச?” இந்தத் தடவை ‘தங்கச்சி’யில் கிண்டல் இல்லை. கிண்டலுக்கு மூச்சு வேண்டும். மேனேஜரின் பக்கம் விரலை அசைத்தான். “சார்... மாட்டு மேல தப்பில்ல. காலைல நான்தான்... கரண்ட் வச்சேன். மூஞ்சில. நெறைய தடவ.”

மேனேஜரின் முகம் இறுகியது. “காயடிச்ச மாடு சும்மா இப்படிப் பண்ணாதுன்னு நெனச்சேன். பிழைச்சு எழுந்தான்னா ஆஸ்பத்திரியிலேர்ந்தே நேரா ஊருக்கு அனுப்பிடுங்க. ரெண்டு வருஷமும் ரத்து. இவனை மாதிரி ஆளுக்கு இனி எந்தப் பண்ணையிலயும் கால் வைக்க இடம் இருக்கக் கூடாது.” பிறகு அவளிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “நீ செஞ்சது பெரிய காரியம்மா. உனக்குத் தேர்வே வேணாம். தேர்வாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

ஆம்புலன்ஸின் கதவு சாத்தப்பட்டது. டீச்சர் அவள் காலில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். குனிந்தபடியே முணுமுணுத்தாள்.

“நேத்து சொல்லிடுன்னு சொன்னேன். இன்னிக்குச் சொல்றேன், வாயை மூடிக்க. அவனே ஒத்துக்கிட்டான். நீ பொய்கூடச் சொல்ல வேணாம், சும்மா இருந்தாப் போதும்.”

“அவன் கரண்ட் வச்சது உண்மைதான்.”

“உண்மைதான.”

“அதனாலயா டீச்சர் அவன் விலா ஒடிஞ்சுது?”

டீச்சர் முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

இந்தக் கல்லூரியில் செத்த மாடும் பாடம்தான். எதையும் அறுத்துப் பார்க்காமல் புதைக்க மாட்டார்கள். டிராக்டரின் சங்கிலியில் பின்னங்கால்களைக் கட்டிச் சின்னவனைக் கான்கிரீட் மேடைக்கு இழுத்து வந்தார்கள். முற்றத்திலிருந்து மேடை வரை ஈரமான ஒரு பட்டை நீண்டது. அதன் மேல் நாய் ஒன்று மோந்துகொண்டே வந்தது, யாரும் விரட்டவில்லை. மாணவர்கள் அரைவட்டமாக நின்றார்கள். டாக்டரம்மா கையுறையை இழுத்துவிட்டு, கத்தியை இரும்பில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

“அதிகமா நேரம் எடுக்க வேணாம். நெஞ்சைத் திறந்து இதயம், நுரையீரல் பாப்போம். மின்சாரம் பட்ட இடத்துல தோல் எப்படி இருக்குன்னு பாப்போம். போதும். கிளம்பலாம். யாரு அறுக்கிறீங்க?”

யாரும் நகரவில்லை. எல்லோரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். டீச்சரின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு முன்னால் போனாள்.

“நீயாம்மா? வேணாம். வளத்தவ.” டாக்டரம்மா தயங்கினார்.

அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கத்தி வந்து சேர்ந்தது. சின்னவனின் நெஞ்சைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி நடந்து, விரிந்து கிடந்த தொடைகளுக்கு நடுவே மண்டியிட்டாள். நசுங்கிய விரல்கள் சுரீரென்று இழுத்தன.

“அங்க என்ன? நெஞ்சுலேர்ந்து ஆரம்பி.”

அவள் நிமிரவில்லை. இடது கையால் தோலைத் தடவித் தடவி, விரலுக்கு அடியில் உருண்டை நிற்கும் இடத்தில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, கத்தியை வைத்தாள். தோல் பிரிந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டு, ஒளிந்திருந்த விதையை நெம்பி எடுத்தாள். பின்னால் ஒதுங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். மேனேஜர் முன்னால் வந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அவள் எழுந்து, கையை முன்னால் நீட்டிப் பிடித்தாள். காலைக் குளிரில் அதிலிருந்து மெல்லியதாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை.